ஐந்தாவது எழுத்து

1989. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் கிளமன்ட் மாஸ்டரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவருடைய கொப்பியில் பக்கம் முழுக்க ஒன்றும் பூச்சியமுமாக இருந்தது.

"யாருக்கு எழுதின இரகசியம்?" என்று அவரைக் கதிரையில் உட்காரவைத்துத் தமிழிலேயே கேட்டார் இன்ஸ்பெக்டர் ரணவீர.

"இரகசியம் இல்லைங்க சேர். கொம்பியூட்டர் கணக்கு. கண்டியில கிளாஸ் எடுக்கிறேன்."

"நம்ப ஏலாது. விளங்கப்படுத்துங்க. பிறகு பார்ப்போம், வீட்டுக்கா பொலிஸ் கூட்டுக்கா என்று."

பயத்திலும் மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அதுக்குள்ள இருக்கிறது சுவிட்சுங்க சேர். போட்டா ஒன்று, அணைச்சா பூச்சியம். வலது ஓரத்து இடத்துக்குப் பெறுமதி ஒன்று. இடது பக்கம் போகப் போக இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. 00101 என்றால் நாலும் ஒன்றும் ஐந்து. ஐந்தாவது இங்கிலீஷ் எழுத்து ஈ. என் மகன் ஏபெல் ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டான்!"

ரணவீர சந்தேகம் தீராமல் மூன்று தடவை கேட்டார். மாஸ்டர் மூன்று தடவையும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

"இப்ப நம்புறேன். நீங்க போகலாம்."

மாஸ்டர் நிம்மதியாக எழுந்தார். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"இது என் மகள்ட புத்தகத்துக்குள்ள இருந்தது. இதே மாதிரி ஒன்றும் பூச்சியமும்தான். ஒரு இதயமும் கீறியிருக்கு. அடியில பெயர் மாதிரி நாலு துண்டு. நான் வாசிக்கிறேன், பிழை என்றால் சொல்லுங்க."

அவர் விரல் 00001இல் நின்றது. "ஏ." அடுத்தது 00010. "பீ."

மாஸ்டர் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார்.

"அட, மூன்றாவது நீங்க சொல்லித்தந்த அதே ஈ!"