உள்பக்கத் தையல்

"இன்னாக்கா, எந்த மாப்பிள்ளைக்கு இந்த ஜோடிப்பு?" என்று மரியகுழந்தை கண்ணைச் சிமிட்டினாள். அவள் விற்கும் பழந்துணி மூட்டை முன்னால் அவிழ்ந்து கிடந்தது.

தாயம்மாவின் கவனமெல்லாம் துணியில்தான் இருந்தது. வெள்ளைக்காரத் துரைசானியின் கிழிந்த கவுனிலிருந்து லேஸை மட்டும் கத்தரித்து வாங்கி, தன் நீலச் சேலைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதுக்காரி இப்படித் துணி பொறுக்குவதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையே வேடிக்கை பார்த்தது.

பார்க்கட்டும் என்றுதான் அவளும் உடுத்தினாள். நீலச் சேலைக்கு இன்னொரு சேலையின் மஞ்சள் கரை, ரவிக்கைக்குப் பங்களாவில் கழித்துப்போட்ட பொத்தான். எல்லாம் யாரோ உடுத்தி அலுத்தவை. ஆனால் அவள் உடம்பில் ஏறிவிட்டால் அவளுக்கென்றே நெய்தமாதிரி ஆகிவிடும். சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டுக்காரிகளுக்கு அதில் வயிற்றெரிச்சல்.

"ரெண்டாவது ஆள் தேடுறா" என்று பேசிக்கொண்டார்கள். அவள் தேடியது முதல் ஆளைத்தான். போன வருஷம் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் காத்தவராயன் வீடு திரும்பவில்லை. ஷிப்டு முடிந்து மேலே வந்தான், பங்காருபேட்டையில் ஒரு பட்டுச் சேலைக்காரியோடு ரயிலேறிவிட்டான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. அவன் திரும்பி வருகிற அன்றைக்குத் தன்னைப் பார்த்து வாயடைத்து நிற்கவேண்டும். அது எந்த நாள் என்று தெரியாததால் தினமும் உடுத்தினாள்.

"வருவாருன்னு இன்னும் நம்பிக்கினு கீறியா?" என்று மரியகுழந்தை கேட்டாள்.

"வரட்டும். வாசல்லயே நிக்கவெச்சு, நல்லா பாத்துக்கோய்யான்னு சொல்லுவேன். அப்புறம்தான் சோறு." வீறாப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது பார்வை ரயில் வரும் திசைக்குப் போய்விட்டது.

மரியகுழந்தை பேச்சை மாற்றினாள். அவள் புருஷன் சுந்தரராஜ், சுரங்கத்து ஆட்கள் உடுப்பு மாற்றும் கொட்டகைக்குக் காவல்காரன். "எங்க வூட்டுக்காரரு பொழப்பக் கேளு. தங்கத்த ஒளிச்சு எடுத்தாந்துடுவாங்கன்னு, மேல வர்றவன் கோவணத்தயெல்லாம் உதறிப் பாக்கணும். கீழ கட்டின துணியில ஒரு நூலு வெளிய போவக்கூடாது. வூட்லேந்து போட்டுக்கினு வந்தத ஆணியிலேந்து எடுத்து மாட்டிக்கினுதான் கேட்டத் தாண்டணும்."

தாயம்மா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதக்கா. போன வருஷம் பாறை சரிஞ்சு கீழ ஒரு லெவலு பாதைய மூடினாங்களே, அதுக்குள்ளாரேந்து யாரோ தட்டுறாங்களாம். டொக்கு, டொக்குன்னு. ஆளே இல்லாத லெவலு அது. அந்தப் பக்கம் வேலைக்குப் போவவே பயப்படுறாங்க."

"பேயி நேர்ல வந்தாலும், அது இன்னா உடுத்திக்கினு கீதுன்னுதான் நான் பாப்பேன்" என்றாள் தாயம்மா. வாய்தான் அப்படிச் சொன்னது. உச்சி வெயிலிலும் கைமயிர் சிலிர்த்து நின்றது.

அதை மறைக்க மூட்டையைக் கிளறினாள். அடியில், சுரங்கத்து ஆட்கள் எல்லாரும் போடுகிற மாதிரி ஒரு பழுப்புக் கோட்டு, வேட்டியோடு சேர்த்துச் சுருட்டியபடி கிடைத்தது. பூஞ்சை வாடை அடித்தாலும் துணி நல்ல துணி.

"உடுப்பு மாத்துற பழைய கொட்டகையப் பிரிச்சாங்கக்கா. ஒரு ஆணியில அஞ்சாறு பேரு மாட்டுவாங்க, அடியில தொங்கினது யாருதுன்னே தெரில. கொண்டுபோன்னுட்டாங்க."

தாயம்மாவின் கண் அளவெடுத்தது. கையை முழங்கையோடு வெட்டி ஓரத்துக்கு லேஸ் வைத்தால், பனிக்காலத்துக்கு நீலச் சேலைமேல் போட்டுக்கொள்ளலாம். எடுத்து மாட்டினாள். யாரோ பின்னால் வந்து நின்று தோளில் இரண்டு கையையும் வைத்தமாதிரி இருந்தது. சட்டென்று திரும்பினாள். யாரும் இல்லை.

"ஒனக்குன்னே தெச்சமாதிரி கீது. எடுத்துக்கோக்கா."

எந்தப் பழந்துணியானாலும் உள்பக்கம் பார்க்காமல் எடுப்பது அவள் வழக்கமில்லை. கழற்றிக் கழுத்துப்பட்டையைத் திருப்பினாள்.

உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஒட்டு. மஞ்சளில் சிவப்புக் கட்டம், அவளுடைய கூறைச் சேலையின் துண்டு. பட்டை கழுத்தை அறுக்கிறது என்று காத்தவராயன் முனகியபோது, அவளே கிழித்து வைத்துத் தைத்துக் கொடுத்தது. அவனுக்கு இருந்தது இந்த ஒரே கோட்டு.

மடியிலிருந்த லேஸ் மண்ணில் விழுந்தது.

"மரியா, இந்தக் கோட்டு, வேட்டி ரெண்டுமே ஆணியிலதான் தொங்கிச்சா?"

"ஆமாக்கா. எங்க வூட்டுக்காரரே கையால எடுத்தாரு. ஏன், இன்னா ஆச்சு?"

மாட்டிய உடுப்பு மாட்டியபடியே இருந்திருக்கிறது. மேஸ்திரி என்ன சொன்னாலும், அதை எடுத்து உடுத்தாமல் எந்த ஆம்பிளையும் அந்தக் கேட்டைத் தாண்டியிருக்க முடியாது. அவளோ ஒரு வருஷமாக ரயில் வரும் திசையைப் பார்த்து உடுத்திக்கொண்டிருந்தாள். ஓடிப்போனவன் என்று அவனை வாய்கொண்டமட்டும் திட்டியும் இருந்தாள்.

அவள் மெல்லக் குனிந்து, காலடி மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் தட்டுதா, மரியா?"