புடாபெஸ்டில் ஒரு சண்டை

புடாபெஸ்டைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி போக்லார்காவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. காரணம், பேருந்தின் முன் இருக்கையில் இருந்த ஆர்மின் தாத்தாவும் எடித் பாட்டியும். எழுபதைத் தாண்டியும் சண்டை ஓயவில்லை.

பெரிய யூத ஆலயத்தின் கோபுரங்களைக் காட்டியபோது, "மறைக்கிற, தள்ளு" என்றார் எடித்.

"ஏற்கெனவே முக்கால் சீட்டு உனக்குத்தான். இன்னும் எங்க தள்ளுறது?" என்றார் ஆர்மின்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னே படம் எடுத்தபோது, ஆர்மின் தலைக்குப் பின்னால் எடித் இரண்டு விரல்களைக் கொம்பாக நீட்டினார்.

டான்யூப் கரையில்தான் இருவரும் அடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைச் சுட்டு ஆற்றில் தள்ளிய இடம் அது. அவர்கள் நினைவாக இரும்புக் காலணிகள் வரிசையாக இருந்தன. குழந்தைக் காலணி ஒன்றின் அருகே எடித் அசையாமல் நின்றார்.

அவர் மனதை மாற்ற நினைத்த போக்லார்கா, "உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

எடித் சிரித்துவிட்டார்.

"கல்யாணமா? இவன் என் தம்பி. போர் நேரத்துல இந்த ஊர்ல எங்களை எல்லாம் ஓட்டிட்டுப் போனப்ப, கூட்டத்துல கை நழுவிப் போச்சு. எனக்கு எட்டு வயசு, இவனுக்கு ஆறு. இவனை ஆத்துல தள்ளிட்டாங்கன்னு நான் நெனச்சேன், என்னைத் தள்ளிட்டாங்கன்னு இவன் நெனச்சான். நான் அர்ஜென்டினாவுல, இவன் இஸ்ரேல்ல. என் பேத்திதான் தேடிக் கண்டுபிடிச்சா. முந்தாநாள்தான் ஏர்போர்ட்ல பார்த்தோம்."

"அப்புறம் ஏம்மா இப்படிச் சண்டை?"

"சின்ன வயசுல போட வேண்டியதெல்லாம் பாக்கி இருக்கே" என்றார் ஆர்மின். "கையை விட்டது அக்காதான்."

"நீதாண்டா விட்ட."

"நீதான்."

இருவரும் கைகோத்துக்கொண்டு, அதையே மாற்றி மாற்றிச் சொல்லியபடி பேருந்தை நோக்கி நடந்தார்கள்.