காலடி படாத காடு

"இன்று முதல், சூரிய சந்திரர் உள்ள வரை, இந்த மழைக்காட்டுக்குள் மனிதக் காலடி படக் கூடாது!"

பாலக்காட்டு நகர எல்லையில், சாலையோரம் சுண்ணாம்பு அடித்து நட்டிருந்த முதல் எல்லைக் கல்லுக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டு, வன அதிகாரி ராமபத்ரன் இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் பதினொரு பேர். ஊர்ப் பிரமுகர்கள் ஒன்பது, டிரைவர் காளிச்சாமி, விறகு பொறுக்கும் செல்லாத்தாள்.

பிரமுகர்கள் கை தட்டினார்கள். செல்லாத்தாள் கை கட்டி நின்றாள்.

"சாமி, சுள்ளி வித்துத்தானுங்க ரெண்டு புள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தறேன். கீழ கெடக்கறத மட்டும் பொறுக்கிக்கறனுங்க."

"சட்டம்னா சட்டமாக்கும். உத்தரவுச் சீட்டு இல்லாம ஆரும் உள்ளே போகப்படாது, கேட்டயோ!"

பிரமுகர்கள் டிபனுக்குக் கிளம்பினார்கள். ராமபத்ரன் மட்டும் இயற்கையைத் தனிமையில் தரிசிக்க வேண்டும் என்று சொல்லி, யாரும் பின்னால் வரக் கூடாதென்று உத்தரவிட்டுவிட்டு உள்ளே போனார். காலையில் குடித்த மூன்று டம்ளர் காபிக்கும் அந்தத் தரிசனத்துக்கும் சம்பந்தம் உண்டு.

திரும்பும்போது எல்லா மரமும் ஒரே மரமாக இருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் நடந்தார். இரண்டு காலிலும் அட்டை ஏறியது. கடைசியில் ஒரு பிரம்புப் புதர் முள்ளும் கொடியுமாகச் சுவர் போல் மறித்தது.

"ஆராவது இருக்கேளா?"

"நாந்தானுங்க சாமி, செல்லாத்தா" என்றது புதருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"அம்மா, தாயே! உள்ளே வந்து என்னைக் கூட்டிண்டு போயேன்!"

"வரக் கூடாதுங்களே. எல்லைக் கல்லுக்கு வெளிய நிக்கறனுங்க."

"எத்தனாம் நம்பர் கல்லு?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க."

"சாலைக்கு எத்தனை தூரம்?"

"சாமி நடக்கற நடைக்கு எப்படிங்க சொல்றது?"

எங்கோ ஒரு கிளை படாரென்று முறிந்தது.

"ஐயோ, யானையோ?"

"இருக்குமுங்க. அதுக்குச் சீட்டு வேண்டியதில்லைங்களே."

ராமபத்ரன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். செல்லாத்தாள் ஆயுள் முழுவதும் காட்டுக்குள் போய்ச் சுள்ளி பொறுக்கலாம் என்று எழுதினார்.

"புள்ளைகளையும் சேத்துக்குங்க சாமி."

சேர்த்தார்.

"சீல் வேணுமுங்க. இல்லாட்டி பாரஸ்ட் கார்டு கிழிச்சுப் போட்டுருவாருங்க."

முத்திரையை அவர் யாரையும் நம்பிக் கொடுப்பதில்லை. கோட்டுப் பையிலேயே இருந்தது. பேனா மையைச் சொட்டவிட்டு, முழங்காலில் வைத்து அழுத்தினார்.

"இப்போப் படிச்சுக் காட்டுங்க."

படித்தார். காலைப் பிரகடனத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே படித்தார்.

புதருக்குள்ளிருந்து ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டி ஒன்று நீண்டு வந்தது. நுனியில் செருகிய சீட்டோடு திரும்பிப் போனது. பிறகு அரிவாள் சத்தம். முள் விலகியது. செல்லாத்தாள் தைரியமாக உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து வாங்க சாமி, வழுக்குமுங்க."

"இருட்டறதுக்குள்ளே போய்ச் சேர்ந்துடுவமோ?"

"சேந்துரலாமுங்க."

எட்டடி நடந்தார்கள். எதிரே கார் நின்றது. டிரைவர் காளிச்சாமி கையிலிருந்த முறிந்த கிளையைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தான். பக்கத்தில், காலையில் போட்ட சாமந்தி மாலையோடு எல்லைக் கல் நனைந்துகொண்டிருந்தது.

அது முதல் நம்பர் கல்.