நேரம் தவறாத மாப்பிள்ளை

சரியாக ஐந்தரைக்கு போன் அடித்தது. ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

"பாத்தீரா வே! மாப்ள சொன்னா சொன்னதுதான்" என்று தரகர் ஜெயினுலாப்தீன் குதித்தார். விரலில் ஒட்டியிருந்த கேக் க்ரீமை நக்கிவிட்டு, அதே விரலால் ஷைஸ்தாவின் போனைத் தேய்த்து வீடியோ காலை எடுத்தார்.

கல்யாணப் பெண் ஷைஸ்தா துப்பட்டா நுனியால் போன் திரையைத் துடைத்தாள்.

தாராவியில் தோல் பைப் பட்டறைக்கு மேலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே மெஷின் சத்தம் இல்லை. தோல் வாடை தெரியக்கூடாதென்று வாப்பா அபுதாஹிர் மூன்று தடவை அத்தர் பூசியிருந்தார். வீடியோவில் யாருக்கு வாடை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

பேச்சு சரியாக வந்தால் இந்த வீடியோ காலிலேயே நிக்காஹ் தேதி. லண்டனில் இருக்கிற மாப்பிள்ளை போட்ட ஒரே கண்டிஷன், பெண் வேலையை விட்டுவிட வேண்டும். லண்டன்காரர்களின் பார்சல் புகாருக்கு போனில் பதில் சொல்கிற வேலை. மூன்று வருஷம் நாய் படாத பாடு பட்டு இப்போதுதான் டீம் லீடர் ஆகியிருக்கிறாள்.

"அந்த வேல ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று உம்மா சபுரா அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டபடி முணுமுணுத்தாள். "இப்பவே வீட்டுக்கு வர பத்தரை. நாளைலருந்து பதினொன்னரையாமே?"

"குளிர்காலம் வந்தா ஷிப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும் உம்மா. வருஷா வருஷம் நடக்குறதுதானே?"

"ச்சூ! மாப்ள லைன்ல இருக்காரு" என்றார் ஜெயினுலாப்தீன்.

திரையில் அல்தாப். கோட்டு, டை. பின்னால் இழுத்து மூடிய ஜன்னல் திரை.

"சலாம் மாமா! இங்க கரெக்டா ஒரு மணி, நான் லைன்ல இருக்கேன். பாத்தீங்களா? லண்டன்ல ஒரு நிமிஷம் லேட்டானாலும் மனுஷனாவே மதிக்க மாட்டான். நம்ம ஊரு டைம்லாம் இங்க நஹி சலேகா, செல்லாது."

"வாஹ்!" என்றார் வாப்பா.

"ஷைஸ்தா, கொஞ்சம் லைட் பக்கம் திரும்பு. அப்பிடியில்ல, இந்தப் பக்கம். கலரு ஒரிஜினலா, ஃபில்டரா?"

ஜெயினுலாப்தீன் சிரித்த சிரிப்பில் கேக் துணுக்கு மேஜையெல்லாம் தெறித்தது. உம்மாவும் சிரித்தாள். ஷைஸ்தா சிரிக்கவில்லை. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன்கூட இவனைவிடக் கௌரவமாகப் பார்ப்பான்.

"இன்னொண்ணு மாமா. இங்க யாருட்டயும் தாராவின்னு சொல்ல முடியாது. பேரக் கேட்டாலே மூக்கப் பொத்துவான். செம்பூர்னு சொல்லிருவோம். நீங்களும் அந்தப் பட்டறையப் பத்தி வாயத் தொறக்காதீங்க. நாத்தம் புடிச்ச பொழப்பு."

வாப்பா அதற்கும் சிரித்தார். முப்பது வருஷம் தோல் தைத்துக் காய்த்துப்போன விரல்களை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, தலையை வேறு ஆட்டினார். அழுகின பழத்தைக் கடித்துவிட்டு அதைத் துப்பவும் முடியாத மாதிரி இருந்தது ஷைஸ்தாவுக்கு.

"சரி, சட்டுன்னு முடிப்போம்" என்றார் ஜெயினுலாப்தீன். "நாளைக்கே வேலைய விடுதேன்னு நீ உன் வாயாலயே சொல்லிரும்மா. லண்டன்காரன்ட்ட திட்டு வாங்குற வேல உனக்கு எதுக்கு? லண்டன் மாப்ளயே கெடச்சாச்சு!"

"சொல்லுட்டி" என்றாள் உம்மா.

ஷைஸ்தா போனைத் தன் பக்கம் திருப்பினாள். "ஒரே ஒரு கேள்வி. இப்ப அங்க மணி என்ன?"

"இதென்ன கேள்வி?" அல்தாப் மணிக்கட்டை கேமராவில் இடிக்கிற மாதிரி நீட்டினான். தங்கக் கலர் வாட்ச். "ஒண்ணேகால். போன்லயும் அதான் காட்டுது. வாட்ச் வெலையும் சொல்லணுமா?"

அவள் வீடியோ காலை கட் செய்தாள்.

"ஏட்டி! கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று உம்மா கத்தினாள். ஜெயினுலாப்தீன், "சத்யானாஸ்! எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வாப்பா எழுந்தே விட்டார். "எம் மானத்த வாங்கணும்னே செஞ்சியா? சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்த பையன்! அவன்ட்ட போயி மணி கேக்க?"

"வாப்பா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. லண்டன்ல வெயில் காலத்துல சாயங்கால வெளிச்சம் கூடுதலாக் கெடைக்கணும்னு மார்ச் கடைசில எல்லாரும் கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க. குளிர் வந்தா பொழுதே லேட்டாத்தான் விடியும். அதனால அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம திருப்பி ஒரு மணி நேரம் பின்னாடி வச்சிருவாங்க. ஊரு மொத்தமும் மாத்தும். போன்ல அதுவாவே மாறிக்கும்."

"அதுக்கு இப்ப என்ன?"

"அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம இன்னைக்குத்தான் வாப்பா. விடியறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. லண்டன்ல இருக்கவனுக்கு இப்ப மணி பன்னெண்டே கால்."

ஜெயினுலாப்தீன் வாயிலிருந்த கேக்கை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

அபுதாஹிர் மெதுவாக உட்கார்ந்தார். கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்ள எந்த ஊர்ல வே இருக்காரு?"