வரப்பு போடாத வயல்

“வாங்கின பிறகு நடுவுல வரப்பு போட்டு ரெண்டாப் பிரிக்கிற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் விக்கல.”

‘பாக்’ என்று ஊரே மரியாதையாக அழைக்கும் பெரியவர் வாகிரான் காப்பிக் குவளையைத் தொடாமலே சொன்னார். எதிரே பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பேருந்து மாறி மாறி, ரண்டுசாரி கிராமத்துக்கு வந்திருந்தார்கள். மூத்தவள் லாஸ்மினி, தைவானில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். இளையவள் ருமி, அவள் கையையும் காலையும் பார்த்தாலே போதும், நாற்று நட்டுப் பழகியவள் என்று தெரிந்துவிடும்.

“பிரிக்கிறதுக்கு வாங்கல, பாக். சேர்ந்து இருக்கத்தான் வாங்குறோம்,” என்றாள் லாஸ்மினி.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

அந்த வயல்மேல் வாகிரானுக்கு இருந்த பெருமை ஊரறிந்தது. சரிவில் படிப்படியாக இறங்கும் நிலங்களில், ஊற்றுக்கு நேர் கீழே இருப்பது அவருடையது. மற்ற வயல்கள் வாய் பிளந்து கிடக்கும் கோடையிலும் அதில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். மனைவி காலமான பிறகு, கடல் தாண்டிக் காலிமந்தானில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவர் முடிவு செய்ததுதான் தாமதம், சுரபாயா நகரத்திலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். சனி ஞாயிறு வந்து தங்க ஒரு வீடு கட்டப் போகிறாராம். கேட்ட விலைக்கு மேலேயே தருகிறாராம். “நெல்லு விளையிற மண்ணுல நீச்சல் குளமா?” என்று கேட்டு அவரை அனுப்பிவைத்த கதையைக் காப்பிக் கடையில் வாகிரான் சொல்லி மாளவில்லை.

ஆனாலும் இந்தப் பெண்களுக்குக் கொடுக்கவும் அவருக்குத் தயக்கம். காரணம் அவர் வீட்டிலேயே இருந்தது. ஒரு முழ வரப்புக்காகத் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவர் அவர். நோன்புப் பெருநாளுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களையே இப்படிப் பிரித்த நிலம் வேறு யாரைத்தான் விட்டுவைக்கும்?

“சரி, வந்து வயலைப் பாருங்க,” என்று எழுந்தார்.

வரப்பில் நாலடி வைப்பதற்குள் லாஸ்மினி சறுக்கி, சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ருமி சிரித்த சிரிப்பில் பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் சிதறி ஓடின.

“லிஃப்ட்லயே ஏறி இறங்கின காலு, பாக். வரப்பு மறந்துபோச்சு,” என்றாள் ருமி.

“பேசாம கையைக் குடுடி.”

கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தன் தோள் துணியாலேயே மூத்தவள் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள் ருமி. பிறகு கைலியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். நண்டு துளைத்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே சேற்றை அள்ளி வைத்து மிதித்து அடைத்தாள். வாகிரான் பார்த்துக்கொண்டே நின்றார். சுரபாயாக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

திரும்பும் வழியில் தோண்டித் துருவி விசாரித்தார். லாஸ்மினி தைவானில் இருந்த காலத்தில் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாளாம். கழுவித் துடைத்ததும், கஞ்சி ஊட்டியதும், கடைசியில் குளிப்பாட்டி அனுப்பிவைத்ததும் ருமிதானாம். லாஸ்மினியின் மகளைப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியதும் அவள்தான். அந்தப் பெண் இப்போது மலாங்கில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அதைச் சொன்னபோது பெற்றவளைவிட வளர்த்தவள் முகத்தில்தான் பெருமை பொங்கியது.

“நான் அனுப்பினது காசு மட்டுந்தான், பாக். குடும்பத்தை நிமிர்த்தி வச்சது இவ,” என்றாள் லாஸ்மினி. “வயல்ல பாதி இவ பேர்ல இருக்கணும்.”

“இத்தனை வருஷத்துல உங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லையா?”

“சண்டை போடக் காரணம் இருந்துச்சு,” என்றாள் ருமி. “போட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டோம்.”

வாகிரான் நடையை எட்டிப் போட்டார். வீட்டுக்கு வந்ததும், ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நிலம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

ஊர் அலுவலகத்தில் எழுத்து வேலை நடந்த காலையில், அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சாட்சிக்கு வந்திருந்தார்கள். கீழ் வயல்காரர் என்ற முறையில் வாகிரானின் தம்பியும் வந்து கதவோரம் நின்றார். வாகிரான் புது மாப்பிள்ளை மாதிரி அச்சுப்பூ போட்ட பத்திக் சட்டை போட்டிருந்தார். சுரபாயாக்காரரை விரட்டிய கதை அங்கேயும் ஒருமுறை அரங்கேறியது. எல்லாம் முடியும் நேரத்தில் செயலாளர் பெண்களைப் பார்த்து, இருவரும் ஒரே வீட்டில் குடியேறப் போவதால் ஊர்ப் பதிவுக்காகக் கேட்கிறேன், உங்களுக்குள் என்ன உறவு என்றார்.

“இதெல்லாம் ஒரு கேள்வியா?” வாகிரான் முந்திக்கொண்டார். கதவோரம் நின்ற தம்பியின் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினார். “கூடப் பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும். அக்கா தங்கச்சின்னு எழுதுங்க.”

“அப்படி எழுதினா எங்களுக்குச் சந்தோஷந்தான். ஆனா பொய் சொல்லிக் குடியேறக் கூடாதுங்க,” என்ற லாஸ்மினி, இளையவளின் கையைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் தைவான்ல இருந்தப்ப எனக்குத் தெரியாம என் புருஷன் ரெண்டாந்தாரமாக் கட்டிக்கிட்டவ இவ; அந்தாளை ரெண்டு பேருமாத் தள்ளிவச்ச கையோடதான் வயல் வாங்க வந்தோம்.”