மூன்று முறை அழைத்தும்

"அக்கா, வெண்கலம் ரெண்டாவது தாள் கேக்கறாரு!"

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹெட்கிளார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

கோர்ட் வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலிக்கு அங்கே வெண்கலம் என்றுதான் பட்டப்பெயர். அவர் தொண்டையைத் திறந்தால் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான்.

"நாலு வரி எழுதறதுக்கு எதுக்கும்மா ரெண்டு தாள்?"

"விசுவாசம் பொங்கி வழியுது போல!"

புது நீதிபதி யார் என்பதை இதுவரை மேலே நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வார்கள். இந்த வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். கோர்ட்டில் கடைசிப் படியில் இருப்பவர் வரைக்கும் ஆளுக்கொரு படிவம். 'இவரை அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள். இவர் நீதிபதி ஆகலாமா? உங்கள் பெயர் எழுத வேண்டியதில்லை.'

பட்டியலில் முதல் ஆள், பெரிய வக்கீல்.

ஹெட்கிளார்க் தன் படிவத்தைக் காலையிலேயே முடித்துவிட்டாள். 'கருத்து ஏதுமில்லை.' பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதற்கு?

வெண்கலம் என்ன எழுதுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மூன்று வருஷம் முன்பு ஒரு வீட்டு வழக்கு. வக்கீல் வைக்காமல் தானே வழக்காடிய ஒரு அம்மாள் தாழ்வாரத்தின் கடைசி பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்தாள். 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று தீர்ப்பாகி, வீடு எதிராளிக்குப் போய்விட்டது.

"என்னை யாருமே கூப்பிடலையே!" என்று அவள் போட்ட கூச்சலில் விசாரணை வைத்தார்கள். எதிராளியின் வக்கீலான பெரிய வக்கீல்தான் வெண்கலத்துக்காகச் சாட்சி சொன்னார்.

"இந்தக் குரல் காதுல விழலைன்னா, கோளாறு குரல்ல இல்லைங்க, காதுல!"

அறையே சிரித்தது. வெண்கலத்தின் வேலை தப்பித்தது. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது, பெரிய வக்கீல் சிபாரிசில்.

வாசலுக்குப் பத்தடி உள்ளே மேஜை போட்டிருந்த ஹெட்கிளார்க்கையும் அன்று கேட்டார்கள்.

"நான் வேலையா இருந்தேங்க. கவனிக்கலை" என்று சொல்லிவிட்டாள்.

வெண்கலம் உறையை ஒட்டிக்கொண்டே வந்தார்.

"ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை மாசம்ண்ணே?"

"நாலு மாசம், மேடம்."

"அதுக்குள்ள வக்கீலய்யா கடனைத் தீர்த்துட்டீங்க போல!"

"தீர்த்துத்தானே ஆகணும், மேடம்? மூணு வருஷமா தொண்டையிலயே நிக்குது."

அவர் போனதும் ஹெட்கிளார்க்குக்குக் கசந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறவர்களிடம் படிவத்தைக் கொடுத்தால் பின்னே என்ன வரும்? எந்த விதியை மாற்றி என்ன புண்ணியம்?

சாயங்காலம் உறைகளைப் பிரித்து எண் போட்டாள். தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் வேலை அவளுடையது. 'நல்லவர்.' 'தங்கமானவர்.' 'கருத்து ஏதுமில்லை.' அதன் பிறகு இரண்டு தாள் வைத்த கனமான உறை.

'ஐயா, அன்று அந்த அம்மாவை நான் கூப்பிடவில்லை. மூன்று முறையும் சுவரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, ஆள் இல்லை என்று உள்ளே சொன்னேன். அப்படிச் செய்யச் சொன்னவர் பெரிய வக்கீல். அதற்குக் கூலிதான் என் மகளின் கல்லூரி இடம். அந்த அம்மா கடைசி பெஞ்சிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் நீதிபதியானால் இன்னும் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருப்பார்களோ. அந்த வழக்கை மறுபடி எடுங்கள். என் பென்ஷன் போனாலும் சரி. சாட்சி கேட்டால் எனக்கு யாரும் இல்லை.'

ஹெட்கிளார்க் கடைசி வரியை மறுபடி படித்தாள். அன்று பத்தடி தூரத்தில் அவள் காதிலும் எந்தப் பெயரும் விழவில்லை. விழவில்லை என்பது அன்றே அவளுக்குத் தெரியும்.

படிவத்தின் அடியில், பெயர் எழுத வேண்டியதில்லை என்று அச்சிட்டிருந்த இடத்தில், வெண்கலம் தன் முழுப் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை எழுதி, பக்கத்தில் 'ஆஜர்' என்று போட்டிருந்தார்.

அவள் கட்டுக்குள் கைவிட்டுத் தன் படிவத்தைத் தேடி எடுத்தாள். 'கருத்து ஏதுமில்லை' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"ஏம்மா," என்றாள் டைப்பிஸ்டிடம், "எனக்கும் ரெண்டாவது தாள் ஒண்ணு குடு."