அரைச் சுற்று

மூன்றாவது தடவையாக அதே ஓட்டோ கராஜ் வாசலில் வந்து நின்றதைக் கண்டதும் ஸைனுலாப்தீன் பாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் றாஸிக் மீதல்ல. அவன் பாவம், ஓட்டோவை விட்டிறங்கி, பிழை செய்தவன் மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கோபமெல்லாம் எஞ்ஜின் மீது.

பாஸ் கைவைத்த வண்டி அதே வருத்தத்தோடு, அதே கோளாறோடு திரும்பி வராது என்று கல்முனையில் ஒரு பேர் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாகக் கட்டிக் காத்த பேர். ஒரே மாதத்தில் மூன்று தடவை என்றால் அது சந்தி சிரித்துவிடும்.

“அதே தானா?”

“ஓம் பாஸ். எக்ஸிலேட்டர விட்டா நிண்டுருது.”

ஓடும்போது ஒரு குறையுமில்லை. கையைத் தளர்த்தி, வண்டியை நின்ற இடத்தில் சும்மா உறுமவிட்டால் மட்டும் இரண்டு இருமல், அவ்வளவுதான்.

முதல் தடவை காபரேட்டரைக் கழற்றி, ஊசிமுனைத் துளைகளுக்கெல்லாம் காற்றடித்துச் சுத்தம் செய்தார். ஸ்லோ ஸ்குரூ தளர்ந்திருந்தது. எக்ஸிலேட்டரை விட்ட நேரத்தில் எஞ்ஜினை உயிரோடு வைத்திருப்பது அந்தச் சின்ன ஸ்குரூதான். இறுக்கி அனுப்பினார்.

இரண்டாந்தடவை பிளக்கை மாற்றினார். எங்காவது காற்றை இழுக்கிறதா என்று ரப்பர்க் குழாயைச் சுற்றிப் பெற்றோல் தெளித்துப் பார்த்தார். இழுக்கவில்லை. ஸ்குரூ மட்டும் மறுபடி தளர்ந்திருந்தது. அதிர்வில் கழல்கிறதாக்கும் என்று நினைத்து அதன் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டார். அவர் தேத்தண்ணி குடித்து முடியும்வரை வண்டி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

இன்று பின்மூடியைத் திறந்ததும் நேரே ஸ்குரூவைத்தான் பார்த்தார். ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

ஸ்பிரிங்கில் பழுதில்லை. ஆனால் ஸ்குரூவின் தலையில் பளிச்சென்று ஒரு கீறல். அவருடைய ஸ்குரூ ட்ரைவர் அப்படிக் கீறாது. கத்தி நுனி கீறும்.

யாரோ கைவைக்கிறார்கள். ஓட்டோ ஸ்டாண்டில் எவனோ எரிச்சல் பிடித்தவன், றாஸிக்குக்கு ஹயர் ஓட்டம் கூடுதலாகக் கிடைப்பதைப் பொறுக்காதவன். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று பாஸ் அந்த இடத்திலேயே முடிவுகட்டினார்.

ஸ்குரூவை இறுக்கவில்லை. ஸ்குரூ ட்ரைவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி அமர்ந்தார்.

“எடு. நீ போற வழியெல்லாம் நானும் வாறன்.”

றாஸிக் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தான். வண்டியை எடுத்தான்.

அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் பள்ளியால் வந்துகொண்டிருந்தார்கள். சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. ஓட்டோவும் நின்றது, எஞ்ஜின் நிற்கவில்லை. பாஸ் முன்னால் எட்டிப் பார்த்தார். றாஸிக்கின் வலது மணிக்கட்டு எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கியபடியே இருந்தது. சந்தைக்கு முன்னால் நின்றபோதும் அப்படித்தான். வருத்தக்கார வண்டியோடு பழகிய கை, கெட்டிக்காரன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஸ்டாண்ட் வந்தது. றாஸிக் அங்கே நிறுத்தவேயில்லை. கடற்கரைப் பக்கமாக ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் திரும்பினான். ஒரு பச்சைக் கேற்றுக்கு முன்னால் வந்ததும் அந்த மணிக்கட்டு மெல்லத் தளர்ந்தது.

இரண்டு இருமல், அவ்வளவுதான்.

கேற்றுக்குள்ளிருந்து ஐந்து வயதுப் பிள்ளையொன்று தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தச் சிந்த ஓடிவந்தது. அந்த இருமலுக்காகவே காத்துக்கொண்டிருந்த பிள்ளை.

“இண்டைக்கும் நிண்டுட்டா வாப்பா?”

பாஸுக்கு விளங்கிவிட்டது.

பெருநாளைக்கு முன் றாஸிக் மனைவியை விட்டு விலகியதாக அவர் காதிலும் விழுந்திருந்தது. கல்யாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பதும், விலகினால் உடுப்புப் பையோடு அவனே வெளியேறுவதும் இந்த ஊர்களின் வழக்கம். பிள்ளையைப் பார்க்க மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்று பேசி முடித்திருப்பார்கள். மற்ற நாளில் அந்த வாசலில் அவன் வண்டியை நிறுத்தினால் ஊர்வாய் சும்மா இருக்காது. வண்டி தானாக நின்றால் யார் என்ன சொல்ல முடியும்? அதுவும் ஸைனுலாப்தீன் பாஸிடமே காட்டியும் சரிவராத வண்டி.

ஸ்குரூவைக் கத்தி நுனியால் தளர்த்தியது யார், மூன்று தடவை அவன் கராஜுக்கு வந்தது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

றாஸிக் பின்னால் திரும்பவில்லை. கோப்பையை வாங்கி, ஒரு மிடறு தண்ணீரை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளையின் பின்னால் றாஸிக்கின் மாமி, அவன் மனைவியின் தாய் சுபைறா, முக்காட்டைச் சரிசெய்தபடி கேற்றடிக்கு வந்தார். பின்சீட்டிலிருந்து இறங்கியவரைக் கண்டதும் நின்றார்.

“பாஸே வந்திரிக்கீங்க. என்ன பிழையெண்டு கண்டுட்டீங்களா?”

பாஸ் பின்மூடியைத் திறந்து குனிந்தார். பையிலிருந்து ஸ்குரூ ட்ரைவரை எடுத்தார். றாஸிக் குடிப்பதை நிறுத்தினான்.

“இல்ல ராத்தா, எனக்கே பிடிபடுதில்ல. இது கொஞ்சக் காலத்துக்கு இப்பிடி நிண்டு நிண்டுதான் போகும்.”

இருபத்தாறு வருஷத்தில் ஓர் எஞ்ஜினைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சொல்லிவிட்டு, ஸ்குரூவை இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்தினார்.